சாக் குறைந்தால் பையன் சோம்பேறியா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மறுபடியும் அதே கூத்து. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, எறிவதற்குள் மடக்கி வீழ்த்தினால் அது ஒரு சாக். போன சீசனில் அதைக் குவித்த ஒரு எட்ஜ் ரஷர், அதாவது வரிசையின் விளிம்பிலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவன், இந்த சீசனில் பாதி ஆட்டங்கள் முடிந்தும் இரண்டைத் தாண்டவில்லை. உடனே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "காசு வந்ததும் தலைக்கனம்", "டிராஃப்ட்டுக்காக (தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) உடம்பைக் காப்பாற்றிக்கொள்கிறான்", "முதலிலிருந்தே ஊதிப் பெரிதாக்கப்பட்டவன்தான்". பையனுக்கு இருபது வயது. ஆட்டப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு ஸ்னாப்பிலும் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும்) யாருக்கு என்ன வேலை, அதை அவன் செய்தானா இல்லையா என்று குறிப்பதே தொழிலாக உள்ள எங்களுக்கு இதையெல்லாம் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பலவீனமே இல்லாத டிஃபென்ஸ் (தடுக்கும் தரப்பு) ஆட்டக்காரர் என்று யாரும் கிடையாது. அதைப் பேசக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பலவீனம் என்று சுட்டிக்காட்டுவது, பாதி நேரம் பயிற்சியாளர் அவனுக்குக் கொடுத்த வேலையாக இருக்கிறது.

முதலில் இந்த சாக் பைத்தியத்தை முடித்துவிடுவோம். ஒரு சாக் விழ நான்கு காரியங்கள் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும். குவார்ட்டர்பேக்கைக் காக்க எதிரே நிற்கும் ஆஃபென்சிவ் டேக்கிளை ரஷர் வெல்ல வேண்டும். பின்னால் பாஸைத் தடுக்கும் கார்னர்பேக்குகளும் சேஃப்டிகளும், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள்கள் நடுவைத் தள்ளி, குவார்ட்டர்பேக் முன்னே ஏறித் தப்ப வழியில்லாமல் அடைக்க வேண்டும். கடைசியாக, குவார்ட்டர்பேக் பந்தை இன்னும் கையில் வைத்திருக்க வேண்டும். இந்த நான்கில் ரஷரின் கையில் இருப்பது முதலாவது மட்டும்தான். பெரும்பாலான எறிதல்களில் பந்து இரண்டரை, மூன்று விநாடிக்குள் கையைவிட்டுப் போய்விடும். ஸ்க்ரீன், ஸ்லாண்ட் போன்ற குறும் பாஸ் என்றால் இரண்டு விநாடிகூட ஆகாது. டேக்கிளைச் சுத்தமாக வென்று இரண்டரை விநாடியில் போய் நின்றாலும் பந்து அங்கே இருக்காது. கணக்கில் விழுவது பூஜ்யம். எங்கள் குறிப்பேட்டில் அது ஒரு வெற்றி.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களே இதைப் புரிந்துகொள்ளாததுதான் ஆச்சரியம். ஒரு முனையில் ரன்னே விடாமல் கட்டிப்போடுவது ஒருவர், அந்த அவசரத்தில் மட்டையை வீசியவரின் விக்கெட்டைத் தட்டிச் செல்வது மறுமுனையில் இன்னொருவர். அங்கே புரிகிறது, இங்கே மட்டும் ஏன் புரிவதில்லை?

போன வருடம் பெயர் எடுத்தவனை எதிரணி சும்மா விடுமா? ஆஃபென்ஸ் கோடு முழுவதையும் அவன் பக்கமாகச் சரித்து நிறுத்தும். ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுபவன்), பாஸுக்கு ஓடுவதற்கு முன் அவன் விலாவில் ஒரு இடி இடித்துவிட்டுப் போவான். டைட் எண்டை (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவன்) அவனுக்கு வெளியே நிறுத்தி, ஓடும் போக்கில் முழங்கையால் வெளித்தோளில் ஒரு தள்ளு தள்ளச் சொல்வார்கள். இதற்கு சிப் என்று பெயர். அந்தத் தள்ளு அவனிடமிருந்து பிடுங்குவது அரை விநாடி. இரண்டரை விநாடி வேலையில் அரை விநாடி போனால் என்ன மிச்சம்? தொலைக்காட்சியில் இது தெரியாது, கேமரா பந்தின் பின்னால் போய்விடும். நீங்கள் பார்ப்பதெல்லாம் பந்து போன பிறகு ஒருவன் குவார்ட்டர்பேக்குக்கு இரண்டடி தள்ளிச் சும்மா நிற்பதைத்தான்.

அலபாமா பல்கலைக்கழகத்தின் ரஷர் வில் ஆண்டர்சன் ஜூனியரை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் 17.5 சாக். 2022-இல் 10. ஏழரை குறைந்ததும் 'பழைய ஆள் இல்லை' என்று முணுமுணுப்பு கிளம்பியது. அதே 2022-இல் நாட்டின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நகர்ஸ்கி விருது இரண்டாவது முறையாக அவருக்கே போனது. 2023 டிராஃப்ட்டில் ஹூஸ்டன் டெக்சன்ஸ் 12-ஆவது இடத்திலிருந்து மேலே ஏறி, 3-ஆவது இடத்தில் அவரை எடுத்தது. அந்த சீசன் முடிவில் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் சிறந்த புதுமுக டிஃபென்ஸ் ஆட்டக்காரரும் அவரே. முணுமுணுத்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

இதைவிடச் சூடான சண்டை 2022 டிராஃப்ட்டுக்கு முன் நடந்தது. ஒரு பக்கம் மிச்சிகனின் ஏடன் ஹட்சின்சன். 2021-இல் 14 சாக், ஓஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 3, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாமிடம். மறுபக்கம் ஜார்ஜியாவின் டிராவான் வாக்கர், அதே சீசனில் 6 சாக். முதல் இடத்தில் ஜாக்சன்வில் அணி எடுத்தது வாக்கரை. 'பதினாலை விட்டுவிட்டு ஆறை எடுப்பானா எவனாவது?' என்று ஊரே சிரித்தது.

வேலையைப் பாருங்கள் ஐயா. ஜார்ஜியாவில் வாக்கர் சில ஸ்னாப்பில் விளிம்பில் நிற்பார், சிலவற்றில் உள்ளே கார்டுக்கு (டேக்கிளுக்கு உட்புறம் நின்று தடுப்பவர்) எதிரே நிற்பார், சிலவற்றில் பின்வாங்கிப் பாஸைத் தடுக்கப் போவார். முன்வரிசையில் ஆள் மாற்றி ஆள் இறக்கும் அணி அது. ஓட்டத்துக்கான இடைவெளியை அடைப்பது முதல் கடமை, குவார்ட்டர்பேக்கைத் துரத்துவது அதற்குப் பிறகு. ஹட்சின்சனை விளிம்பில் நிறுத்தித் துரத்தவிட்டார்கள். எதிர் விளிம்பில் 11 சாக் எடுத்த டேவிட் ஒஜாபோ வேறு, ஆக ஒரு பக்கமாக மட்டும் பாதுகாப்பைச் சரிக்க எதிரணியால் முடியவில்லை. உடற்கூறும் வேறு. ஹட்சின்சனின் கை நீளம் 32 அங்குலத்துக்குச் சற்று மேல், வாக்கருடையது 35 அரை. கை குட்டையானால் டேக்கிளின் கை முதலில் நெஞ்சில் விழும் என்பது உண்மையான கவலைதான். ஆனால் கூம்புகளைச் சுற்றித் திரும்பும் ஓட்டத்தை ஹட்சின்சன் 6.73 விநாடியில் முடித்தார். விளிம்பில் உடம்பை மடித்துத் திரும்புவதற்கு 40 கஜ ஓட்டத்தைவிட இந்த எண்தான் எங்களுக்கு அதிகம் சொல்லும்.

பிறகு நடந்தது: என்எஃப்எல்லில் முதல் வருடம் ஹட்சின்சனுக்கு 9.5 சாக், வாக்கருக்கு 3.5. அடுத்த வருடம் 11.5, 10. இரு கட்சிக்காரர்களும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அதே ஜார்ஜியா அணியின் நடுவில் நின்றவர் ஜோர்டன் டேவிஸ். 341 பவுண்டு எடையோடு 40 கஜத்தை 4.78 விநாடியில் ஓடியவர். 2021 முழுவதிலும் அவர் எடுத்த சாக் இரண்டே இரண்டு. சிறந்த உள்வரிசை ஆட்டக்காரருக்கான அவுட்லேண்ட், சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான பெட்னாரிக் விருதுகள் இரண்டும் அவருக்கே கிடைத்தன. எப்படி? ஸ்னாப் கொடுக்கும் சென்டரையும் ஒரு கார்டையும் தன் மேல் இழுத்துக்கொண்டு அவர் நிற்கும்போது, முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தொட ஆளில்லை. டேக்கிள் கணக்கு (பந்தோடு ஓடுபவரை வீழ்த்தியதற்கானது) லைன்பேக்கருக்குப் போகும், பெரியவருக்கு வியர்வைதான் மிச்சம். 'மூன்றாவது டவுனில் (மூன்றாவது முயற்சியில்) உட்கார்ந்துவிடுகிறார்' என்ற புகார் மட்டும் நியாயமான கேள்வி. எத்தனை ஸ்னாப் தாங்குவார் என்பதை அந்த எடையில் நாங்களும் கட்டாயம் பார்ப்போம்.

அடுத்த எரிச்சல், "மரம் மாதிரி நின்றான், குவார்ட்டர்பேக் பக்கத்தில் ஓடிப்போய்விட்டான்" என்பது. ஸோன் ரீட் ஆட்டத்தில் ஆஃபென்ஸ் ஒரு டிஃபென்சிவ் எண்டை (முன்வரிசையின் விளிம்பில் நிற்பவனை) வேண்டுமென்றே தடுக்காமல் விடும். குவார்ட்டர்பேக் அவனையே பார்த்துக்கொண்டிருப்பான். எண்ட் உள்ளே பாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவான். எண்ட் நின்றால் ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிடுவான். எண்ட் எதைச் செய்தாலும் தப்பாகத் தெரியும்படி அமைத்த ஆட்டம் அது. இதற்கு டிஃபென்ஸ் முன்கூட்டியே வேலையைப் பிரித்துவைக்கும். எண்ட் உள்ளே பாய்ந்து பேக்கைப் பிடி, லைன்பேக்கர் சுற்றிவந்து குவார்ட்டர்பேக்கைப் பிடி என்பது ஒரு வகை. எண்ட் தோளைக் கோட்டுக்கு இணையாக வைத்துப் பக்கவாட்டில் நகர்ந்து இருவரையும் தாமதப்படுத்து என்பது இன்னொரு வகை. முதல் வகையில் குவார்ட்டர்பேக் வெளியே ஓடி இருபது கஜம் போனால், தவறு வந்து சேராத லைன்பேக்கருடையது. திட்டு வாங்குவது எண்ட். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே அநியாயம்.

கார்னர்பேக் விஷயத்தில் கணக்கு இன்னும் மோசமாக ஏமாற்றும். எல்எஸ்யூவின் (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) டெரெக் ஸ்டிங்லி ஜூனியர் 2019-இல், முதல் வருடத்திலேயே, 6 இன்டர்செப்ஷன் (எதிரணியின் பாஸைப் பறிப்பது) எடுத்தார். அடுத்த இரண்டு சீசனிலும் ஒன்றுகூட இல்லை. 2021-இல் பாதத்தில் காயம், மூன்று ஆட்டத்தோடு சீசன் முடிந்தது. 'ஒரு வருட அதிசயம்' என்று ஒதுக்கியவர்கள் ஏராளம். 2022 டிராஃப்ட்டில் 3-ஆவதாகப் போனார். நல்ல கார்னர் பக்கம் எதிரணி பந்தையே எறியாது, எறியாத பந்தை அவர் எப்படிப் பிடிப்பார்?

டேக்கிள் எண்ணிக்கை பற்றி ஒரே வார்த்தை. ஒரு சேஃப்டி ஆட்டத்துக்குப் பன்னிரண்டு டேக்கிள் போடுகிறான் என்றால் முன்வரிசை ஓட்டையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்லூரி ஆட்டத்தில் புள்ளிவிவரம் குறிப்பது உள்ளூர் அணியின் ஆட்கள். இருவர் சேர்ந்து வீழ்த்தியதற்குத் தரும் பாதி டேக்கிளை அள்ளிக்கொடுக்கும் ஊரும் உண்டு, கையை இறுக்கிவைத்திருக்கும் ஊரும் உண்டு. ஒன்றிரண்டு டேக்கிள் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரை ஒப்பிட வராதீர்கள்.

சரி, எதைப் பார்ப்பது? ஒருவனைப் பற்றி எழுதுவதற்கு முன் அவனை மட்டும் ஒரு கால் மணி நேர ஆட்டம் முழுக்கப் பாருங்கள். பந்தைப் பார்க்கவே கூடாது. எல்லா 22 பேரும் தெரியும் உயரக் கோணப் பதிவு கிடைத்தால் அதை எடுங்கள், கோல் கம்பத்துக்குப் பின்னிருந்து எடுத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்னாப்புக்கு முன் எங்கே நிற்கிறான்? டேக்கிளின் வெளித்தோளிலா, கார்டின் வெளித்தோளிலா, சென்டரின் மூக்குக்கு நேரேயா? அதுவே வேலையில் பாதியைச் சொல்லிவிடும். பந்து அசைந்ததும் அவன் அசைகிறானா, மற்றவர்கள் அசைந்த பிறகா? இரண்டாவதென்றால் அது நிஜமான பலவீனம். எழுந்து நிமிர்ந்து போகிறானா? தோள் டேக்கிளின் தோளுக்கு மேலே இருந்தால் தள்ளப்படுவான், அதையும் தாராளமாக எழுதுங்கள். முதல் முயற்சி தோற்றதும் அடுத்த கைவேலை இருக்கிறதா, இல்லை நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிக்கொண்டு நிற்கிறானா? நான்காவது கால் பகுதியிலும் அதே வேகம் இருக்கிறதா? ஆஃபென்ஸ் ஆள் மாற்றாமல் விறுவிறுவென்று அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினால் டிஃபென்ஸால் ஆள் மாற்ற முடியாது. 300 பவுண்டுக்காரன் தொடர்ந்து எட்டாவது ஸ்னாப்பில் மெதுவாக எழுந்தால் அதைச் சோம்பல் என்று எழுத வெட்கப்படுங்கள்.

வேலை என்னவென்று தெரியவில்லையா? தீர்ப்பைத் தள்ளிவையுங்கள். பணம் வாங்கிப் பார்க்கும் நாங்களே, அந்த அணியின் பயிற்சியாளரிடம் கேட்காமல் சில ஸ்னாப்புகளில் குற்றவாளி யாரென்று எழுதுவதில்லை. ஐந்து விநாடித் துண்டுக் காணொளியை வைத்து எழுதவே எழுதாதீர்கள். அதைப் போட்டவன் எந்த ஸ்னாப்பைத் தேர்ந்தெடுத்தான் என்பதை யோசியுங்கள். தலையில் தலை மோதி டார்கெட்டிங் தண்டனை வாங்கியவனை உடனே 'அழுக்கு ஆட்டக்காரன்' ஆக்காதீர்கள். அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றிவிடுகிறார்கள், அந்தத் தண்டனை போதும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பந்தயம் கட்டுபவர்களே, "இவன் இன்று ஒரு சாக் எடுப்பானா" என்று தனி ஆளின் மேல் பணம் வைத்துத் தோற்றதற்கு அவனுக்கு வசவு அனுப்புகிறீர்கள். இந்தத் தொல்லை முற்றித்தான் 2024 மார்ச்சில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர், கல்லூரி ஆட்டக்காரர்கள் மேல் தனிநபர் பந்தயத்தையே தடைசெய்யும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். சில மாநிலங்கள் தடைசெய்தும்விட்டன. திங்கட்கிழமை காலை வகுப்புக்குப் போக வேண்டிய மாணவன் அவன். கைபேசியைத் திறந்தால் அவன் அம்மாவைப் பற்றிய அசிங்கம் நூறு செய்தி கிடக்கிறது. ஆட்டத்தைத் திட்டுங்கள், திட்டத்தைத் திட்டுங்கள், சம்பளம் வாங்கும் பயிற்சியாளரைத் திட்டுங்கள். எழுதியே தீர வேண்டுமென்றால் அவன் பெயரை டேக் செய்யாமல் எழுதுங்கள்.