அரை வோல்ட் எங்கே போனது?

பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டுப் பெட்டகத்திலிருந்து எடுத்த காகிதங்களை இரண்டு மாதமாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம். ரங்கூனிலிருந்து ஐயா எழுதிய கடிதங்கள், வட்டிக்கடைப் பேரேடுகள், மூன்று தலைமுறைக் கல்யாணங்களின் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தத் தாள்கள். தொட்டாலே விளிம்பு உதிரும் தாள்கள் அவை; சிலவற்றை இன்னொரு முறை விரிக்கவே முடியாது. அந்தப் படங்களெல்லாம் போய்ச் சேர்ந்த ஹார்டு டிஸ்க், ஒரு மதியம் கணினித் திரையிலிருந்து மறைந்தது. சில வினாடிகளில் தானே திரும்பி வந்தது. பெரிய கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கியதும் மறுபடி மறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா கேட்டது ஒரே கேள்விதான்: "எடுத்ததெல்லாம் இருக்கிறதா, போய்விட்டதா?"

டிஸ்க் கெட்டுவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. வாங்கியிருந்தால் புதியதும் இதே மேசையில் இதே போல மறைந்திருக்கும். எங்கள் டிஸ்க் பட்டினி கிடந்தது.

உள்ளங்கை அகல வெளிப்புற ஹார்டு டிஸ்குக்குத் தனி மின்சாரம் கிடையாது. கணினியோடு இணைக்கும் அதே யூஎஸ்பி கேபிள்தான் தகவலையும் கொண்டுபோகிறது, 5 வோல்ட் மின்சாரத்தையும் ஊட்டுகிறது. உள்ளே கண்ணாடி போல மின்னும் தட்டுகள் நிமிடத்துக்குப் பெரும்பாலும் 5400 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல் படிக்கும் முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இடைவெளியின் நுணுக்கம் புரியும். இவற்றோடு பெட்டிக்குள் ஒரு சிறிய சில்லும் உண்டு. டிஸ்க் பேசும் மொழி வேறு, யூஎஸ்பி பேசும் மொழி வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் துபாஷி அது. மின்னழுத்தம் சரிந்தால் பல நேரங்களில் முதலில் மயங்கி விழுவது இந்தத் துபாஷிதான். சில்லு மறுபடி விழிப்பதற்குள், கேபிளை யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று கணினி முடிவு செய்துவிடும். விழித்ததும் புதிதாக வந்த சாதனம் போல அறிமுகம் செய்துகொள்ளும். திரையில் நாம் பார்ப்பது இந்தப் போக்குவரத்தைத்தான்.

அழுத்தம் ஏன் சரிகிறது? எங்கள் ஊர் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளமானவை. முகப்புப் பக்கம் இருக்கும் மேல்தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டி அடுப்படிக்குப் போகிறது என்று வையுங்கள். குழாயைத் திறக்காதவரை அடுப்படியிலும் அழுத்தம் முழுதாக இருக்கும். திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் குறையும். வேகமாக ஓட ஓட இன்னும் குறையும். செப்புக் கம்பியிலும் இதே நிலைதான். ஓடும் மின்னோட்டத்தைக் கம்பியின் தடையால் பெருக்கினால் வழியில் தொலையும் வோல்ட் கிடைக்கும். அதனால்தான் சும்மா இருக்கும்போது ஒழுங்காக இருக்கும் டிஸ்க், வேலை கொடுத்ததும் காணாமல் போகிறது.

எங்கள் மேசையின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்கோடு வந்த அரை மீட்டர் கேபிள் ஸ்கேனர் மேசைக்கு எட்டவில்லை என்று ஒன்றரை மீட்டர் நீட்டிப்புக் கேபிள் ஒன்றைச் சேர்த்திருந்தோம். ஆக 2 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கம்பி 4 மீட்டர். கம்பியின் தடிமனைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள். மலிவான கேபிள்களில் இருக்கும் 28 கேஜ் கம்பியின் விட்டம் 0.32 மில்லிமீட்டர், தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். மொத்தம் ஏறக்குறைய 0.85 ஓம். எழுதும் வேளையில் டிஸ்க் 0.6 ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். கணினியை விட்டுப் புறப்பட்ட 5 வோல்ட், டிஸ்கிடம் வந்து சேரும்போது நாலரை. இந்த டிஸ்குகள் பொதுவாக 5 வோல்ட்டில் 5 சதவீத ஏற்ற இறக்கத்துக்கு வடிவமைக்கப்பட்டவை; அதாவது 4.75க்குக் கீழே இறங்கினால் எதுவும் நடக்கலாம். தட்டு நிற்கும் நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் நொடி இன்னும் கடினமானது. ஆட்டுக்கல்லில் குழவியின் முதல் சுற்றுக்குத்தான் கை வலிக்கும், பிறகு அது தானே வரும் அல்லவா? அந்த முதல் சுற்றில் 1 ஆம்பியர் வரை இழுக்கும் டிஸ்குகள் உண்டு.

போதாக்குறைக்கு, ஒரே துளையிலிருந்து நான்கு துளை பிரிக்கும் ஹப் ஒன்றில் டிஸ்கையும் ஸ்கேனரையும் சேர்த்துச் செருகியிருந்தோம். யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர். நீல நிறத்தில் வரும் யூஎஸ்பி 3.0 துளை 900. தனி அடாப்டர் இல்லாத யூஎஸ்பி 2.0 ஹப், விதிப்படி தன் ஒவ்வொரு துளைக்கும் உறுதி சொல்வது 100 மில்லிஆம்பியர் மட்டுமே. நடைமுறையில் கூடுதலாகவே விட்டுவிடும், அதனால்தான் நாலு நாள் ஓடியது. ஸ்கேனர் விளக்கு எரியும் அதே கணத்தில் டிஸ்கும் எழுத முயன்றபோது குட்டு வெளிப்பட்டது.

நீட்டிப்புக் கேபிளை எறிந்தோம். டிஸ்கை அதன் குட்டைக் கேபிளோடு மடிக்கணினியில் நேராகச் செருகினோம். அதே கம்பிதான், இழப்பு மட்டும் 0.13 வோல்ட்டாக இறங்கியது. ஸ்கேனருக்கு அடாப்டர் வைத்த ஹப் வந்தது. நீளம் தவிர்க்க முடியாதவர்கள் கேபிள் உறையில் அச்சிட்டிருக்கும் கேஜ் எண்ணைப் பார்த்து வாங்கலாம். எண் சிறியதானால் கம்பி தடிமன். 24 கேஜ் கம்பியின் தடை 28இன் தடையில் பாதிக்கும் குறைவு. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத் துளையில் செருக வேண்டும். முன்பக்கத்துக்குப் பெட்டிக்குள்ளேயே இன்னொரு கேபிள் ஓடுகிறது. பின்பக்கத் துளை தாய்ப்பலகையிலேயே இருக்கிறது.

மின்சாரம் சரியாக இருந்தும் அறுபட்டால் தகவல் ஓடும் கம்பிகளைச் சந்தேகிக்க வேண்டும். யூஎஸ்பி 3.0 நொடிக்கு 500 கோடி தகவல் துணுக்குகளை (பிட்) அனுப்புகிறது. ஒரு துணுக்குக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் 500 கோடியில் ஒரு பங்கு. அதற்குள் கம்பியில் சைகை ஓடும் தூரம் நாலு சென்டிமீட்டர் போலத்தான். ஒரு மீட்டர் கேபிளுக்குள் இருபதுக்கு மேற்பட்ட துணுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்த வரிசையைக் குலைக்க ஒரு மடிப்போ தளர்ந்த முனையோ போதும். இதைச் சோதிக்க எளிய வழி, அதே டிஸ்கைக் கறுப்பு நிறத்தில் வரும் பழைய யூஎஸ்பி 2.0 துளையில் செருகுவது. அங்கே மெதுவாக ஆனால் அறுபடாமல் ஓடினால், அதிவேகக் கம்பி இணைகளில்தான் பழுது. கேபிளை மாற்றுங்கள்.

செருகும் முனைகளும் தேயும். தொடுமுனைகளின் மேல் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. செருகிச் செருகி அது தேய்ந்தால் அடியில் இருக்கும் உலோகம் காற்றுபட்டு ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும், தடை கூடும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. உலோக அரிப்பு அங்கே முக்கியமான ஆராய்ச்சித் துறை. அத்தனை பெரிய விஷயம் நம் வீட்டு மேசையில் கடுகளவு முனையில் நடக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் புழுதியும் அந்த முனைகளில் புகும். கேபிளைக் கழற்றிவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து உலரவிட்டால் போதும்.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. பல கையடக்க டிஸ்குகளின் விவரத்தாளில் சூழல் வெப்பம் 35 டிகிரி வரை என்றே போட்டிருக்கும். சித்திரையில் நம் ஊர் மதியம் அதைச் சுலபமாகத் தாண்டும். துணிமேல் வைத்திருந்த டிஸ்கை வளவின் ஆத்தங்குடிக் கல் தரைக்கு, கால் படாத தூண் ஓரமாக மாற்றினோம்.

வேலை நடுவில் அறுபடாமல், சும்மா விட்ட சற்று நேரத்துக்குப் பிறகே மறைகிறதென்றால் அது வேறு கதை. மின்சாரத்தைச் சேமிக்க விண்டோஸ் அந்தத் துளையை உறங்க வைக்கிறது. பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணைத்துவிட்டால் சரியாகும்.

டிஸ்கே நோயாளியாக இருப்பதும் உண்டு. டக் டக் என்று ஒரே சீராகத் தட்டும் ஒலி கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். மிதக்கும் முனை தடம் தெரியாமல் தவிக்கிறது. ஒவ்வொரு முயற்சியும் தட்டைக் கீறலாம். ஒலி இல்லாவிட்டால் ஸ்மார்ட் என்ற தன்னறிக்கையைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அதில், கெட்டதால் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளும், சரியாகப் படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளும் கூடிக்கொண்டே போனால் தட்டு கெடுகிறது. அப்போது பழுதுபார்க்கும் கட்டளைகளை ஓட்டாதீர்கள். முதலில் நகல், மற்றதெல்லாம் பிறகு.

அப்பத்தாவின் கேள்விக்கு வருகிறேன். வட்டிக்கடையில் நடந்ததை நடந்தபடி முதலில் சிட்டையில் எழுதி, பிறகு பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது விளக்கு அணைந்தாலும் சிட்டையைப் பார்த்துக் கணக்கை நேராக்கலாம். என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை அப்படித்தான், செய்யப்போவதைக் குறித்துக்கொண்டு பிறகே செய்கிறது. எங்கள் டிஸ்கில் இருந்த எக்ஸ்ஃபேட் முறைக்குச் சிட்டை கிடையாது, நேரே பேரேடுதான். பாதி எழுதும்போது மின்சாரம் அறுந்தால் அந்தப் பக்கம் குழம்பிப்போகும்.

முழு டிஸ்கையும் வேறொன்றுக்கு நகலெடுத்த பிறகே பிழை திருத்தும் கட்டளையை ஓட்டினோம். பதினான்கு படங்கள் திறக்கவில்லை. அவற்றின் மூலத்தாள்கள் அன்றைய கட்டிலேயே இருந்ததால் மறுநாள் காலை வெயில் ஏறுமுன் மறுபடி எடுத்தோம். புதிய நகல் மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறது. "இருக்கிறது அப்பத்தா" என்று சொன்னேன். ஐயாவின் ரங்கூன் கடிதம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் படித்துக்கொண்டிருந்தார்.