கோடையில் புழை (ஆறு) ஏன் பச்சையாகிறது?

உரச்சத்து மிகுந்த ஆறு என்றால் வருடம் முழுக்கப் பச்சையாகத்தானே இருக்க வேண்டும்? அப்படி இருப்பதில்லை. பாலக்காட்டுச் சித்தூர்ப் புழை போல வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஆறுகளில் நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் பஞ்சமில்லை. மிதவைப் பாசி (நீரில் மிதக்கும் நுண்ணிய பாசி) எவ்வளவு பெருகும் என்பதை அங்கே ஓட்டமும் வெயிலும்தான் தீர்மானிக்கின்றன.

இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழை) பாசி பெருகுமுன்னே வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். கலங்கல் நீரில் வெளிச்சமும் இறங்காது. துலாமழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்து தண்ணீர் தெளிந்தபின், மார்கழி தையில் டயாட்டம் என்ற நுண்பாசிகள் தலையெடுக்கும். சிலிக்கா ஓடு கொண்ட இவற்றால் தண்ணீர் லேசாகப் பழுப்படிக்கும். பெரிய கெடுதல் இல்லை.

சிக்கல் மாசிக்குப் பிறகுதான். புழைக்கு நீர் தரும் ஆழியாற்று வரத்து குறைந்து, தடுப்பணைக்குப் பின்னால் தேங்கிய நீர் 25 டிகிரிக்கு மேல் சூடேறினால் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிக்குக் கொண்டாட்டம். செல்லுக்குள் நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் மேலே மிதந்து, கீழே உள்ள பாசிகளுக்கு வெயிலை மறைத்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதை ஒரு கரையில் ஒதுக்கும்; பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் இருக்கும். நடு ஆற்றில் மட்டும் பாட்டிலை முக்கி எடுத்தால் இது சிக்காது.

மாதிரி நீரிலுள்ள பாசிகளை எண்ணும்போதும் இதே காற்றறைதான் ஏமாற்றும். வழக்கமாக ஒரு லிட்டர் மாதிரியில் பாசியைக் கெடாமல் வைக்கும் லுகால் அயோடின் கரைசலை வெளிர் டீ நிறம் வரும்வரை, ஏறக்குறைய 5 மி.லி., சேர்த்து இருட்டில் குறைந்தது 48 மணி நேரம் படியவிட்டு, மேல்நீரைக் குழாயால் இழுத்துக் கொட்டுவோம். மைக்ரோசிஸ்டிஸ் படியாமல் மேலேயே நிற்கும். கொட்டும் நீரோடு போய்விடும். அறிக்கையில் 'டயாட்டம் அதிகம்' என்று வரும்! படியவிடுமுன் மாதிரியைச் சிரிஞ்சில் நிரப்பி, வாயை அடைத்து, தண்டைப் பலமாக அழுத்தினால் காற்றறைகள் உடைந்து பாசி கீழே இறங்கும். பாசியை அரித்தெடுக்கும் 25 மைக்ரான் வலையை மட்டும் நம்பவும் கூடாது, சின்னச் செல்கள் நழுவிவிடும்.

வீட்டில் பார்க்க வேண்டுமானால், கையுறை போட்டு ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நீர் எடுத்து, ஆட்டாமல் இரவு முழுக்க வையுங்கள். காலையில் மேலே பச்சை வளையம் கட்டியிருந்தால் நீலப்பச்சைப் பாசி என்றே சந்தேகப்படலாம்.

அந்த நீரைக் காய்ச்சினாலும் இந்தப் பாசியின் மைக்ரோசிஸ்டின் நஞ்சு போகாது. பாசியைக் கொல்ல துரிசு (காப்பர் சல்பேட்) தூவுவது அதைவிட மோசம்: செல்கள் உடைந்து உள்ளிருக்கும் நஞ்சு மொத்தமும் நீரில் கலக்கும், செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனும் தீர்ந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். படலம் ஒதுங்கிய கரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டாதீர்கள். தடுப்பணையில் தேங்கிய நீருக்கும் மேலே, ஓட்டமுள்ள இடத்துக்கு ஓட்டிப்போங்கள்.