லம்பார் சப்போர்ட் போய்விட்டதா? சீட்டை மாற்றும் முன் உள்ளே பாருங்கள்

கார் சீட்டின் பக்கத்தில் இருக்கும் லீவரைத் திருப்பினாலோ பட்டனை அழுத்தினாலோ இடுப்புக்குப் பின்னால் மெதுவாகப் புடைத்துக்கொண்டு வரும் பகுதிதான் லம்பார் சப்போர்ட். அது வேலை செய்யவில்லை என்றதும் முழு சீட்டையும் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

நிற்கும்போது நம் கீழ்முதுகின் 5 முள்ளெலும்புகள் முன்பக்கமாக வளைந்திருக்கும். உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து அந்த வளைவு தட்டையாகிறது, எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளில் அழுத்தம் ஏறுகிறது. சாய்மானமும் இடுப்புக்குத் தாங்கலும் கொடுத்தால் அந்த அழுத்தம் குறைவதை ஸ்வீடனில் நாகெம்சன், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 1970களில் வட்டுக்குள் ஊசி வைத்தே அளந்து காட்டினார்கள். அதனால் தினமும் மணிக்கணக்கில் ஓட்டுபவர்கள் இந்தப் பழுதைச் சும்மா விட்டுவிடாதீர்கள்.

லீவர் ரகத்தில், சாய்மானத்துக்குள் ஒரு கம்பி வலையோ பிளாஸ்டிக் தகடோ இருக்கும். லீவரைத் திருப்பினால் ஒரு கேபிள் அதன் மேல்முனையையும் கீழ்முனையையும் நெருக்கி இழுக்க, நாண் ஏற்றிய வில் மாதிரி நடுப்பகுதி முன்னால் வளைகிறது. இங்கே கவனிக்க வேண்டியது கேபிளின் மேலுறை. அதன் முனை தன் இடத்தில் அசையாமல் ஊன்றியிருந்தால்தான் உள்கம்பி இழுக்கும் விசை தகட்டுக்குப் போய்ச் சேரும். மேலுறையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் விரிந்தாலோ, கம்பி முனையில் இருக்கும் சின்ன உலோகக் குண்டு கொக்கியை விட்டு நழுவினாலோ லீவர் சும்மா சுற்றும். இந்த இரண்டையும் முதலில் பாருங்கள், குண்டு நழுவியது மட்டும்தான் என்றால் லீவரை முழுக்கத் தளர்த்திவிட்டு நோஸ் பிளேயரால் திரும்ப மாட்டிவிடலாம்.

பட்டனை அழுத்தினால் பம்ப் காற்று நிரப்பும் காற்றுப்பை ரகம் என்றால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பட்டனை அழுத்தியதும் பம்ப் சத்தம் வருகிறது, பை உப்பவில்லை என்றால் குழாய் கழன்றிருக்கலாம் அல்லது பை கிழிந்திருக்கலாம். உப்பிக் கொஞ்ச நேரத்தில் அமுங்கினால் சிறு ஓட்டை, இல்லையேல் வால்வு. சத்தமே இல்லையா, ஃபியூஸிலிருந்து ஆரம்பியுங்கள். ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பையை வெளியே எடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். அப்புறம், பல பைகள் ரப்பர் அல்ல, பிளாஸ்டிக். சைக்கிள் பஞ்சர் பசை அதில் நிற்காது, அந்தப் பொருளுக்கேற்ற பசைதான் வேண்டும்.

சாய்மானத்தின் பக்கவாட்டில் விபத்தின்போது விரியும் பாதுகாப்பு ஏர்பேக் இருக்கும் சீட்டானால் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகே கை வையுங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்களில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது. இதில் சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கேபிளை மாட்டியதும் உடனே கவரை மூடாதீர்கள். ஒருவரைச் சீட்டில் சாய்ந்து உட்காரச் சொல்லி லீவரை முழுக்கத் திருப்பிப் பாருங்கள், ஏனென்றால் வெறும் சீட்டில் ஒழுங்காக நிற்கும் குண்டு முதுகின் பாரம் விழுந்ததும் நழுவுவது உண்டு.