செம்பருத்தியில் மாவுப்பூச்சியா? முதலில் எறும்பைப் பாருங்கள்

செம்பருத்தியின் நுனி சுருண்டு, மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றனவா? இலையைத் திருப்பிப் பாருங்கள். கணுக்களில் வெள்ளையாய் மாவு அப்பியிருக்கும். பூஞ்சை என்று நினைத்துப் பலர் அதற்கான மருந்தை அடித்துவிடுகிறார்கள். குச்சியால் நசுக்கினால் நீர் கசியும், அப்படியென்றால் பூச்சிதான். மஞ்சளாகக் கசிந்தால் பெரும்பாலும் பப்பாளி மாவுப்பூச்சி. செம்மை கலந்திருந்தால் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி.

மாவுப்பூச்சி ஊசி போன்ற வாயால் செடியின் சாற்றை உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை அதிகம், அமினோ அமிலம் குறைவு. வேண்டிய சத்து கிடைக்க நிறைய குடித்தாக வேண்டும். மிஞ்சும் சர்க்கரைநீர் கீழ் இலைகளில் பிசுபிசுப்பாக வழியும், அதன்மேல் கரும்பூசணம் படரும். எறும்பு வருவதும் இந்த இனிப்புக்குத்தான். இனிப்பு நிற்காமல் கிடைக்க வேண்டுமே, அதனால் மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் அது விரட்டுகிறது.

ஆகவே மருந்தடிப்பதற்கு முன் எறும்பு ஏறும் வழியை அடைத்துவிடுங்கள். சுவரைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். அடித்தண்டில் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பூச்சி அப்பிய நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குப்பைக்குழியில் போட்டால் பூச்சி திரும்பச் செடியில் ஏறிவிடும். மாவுபோல் தெரிவது பூச்சியின் மெழுகுப்பூச்சு, அதில் வெறும் தண்ணீர் ஒட்டாது. அதனால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். மெழுகு சேராத இளங்குஞ்சுகள்தான் இதில் எளிதாகச் சாகும். முட்டைகள் பஞ்சுப்பைக்குள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை திரும்பவும் அடிக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழுவும் உடலெங்கும் வெள்ளை மெழுகோடுதான் இருக்கும். மாவுப்பூச்சியைவிடப் பல மடங்கு பெரிதாக வளரும், சுறுசுறுப்பாக நடக்கும். அது நம் பக்கம், நசுக்கிவிடாதீர்கள்!

2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி வரை பரவி விவசாயிகளை உலுக்கியது. மருந்தால் மட்டும் அது அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட அசெரோபேகஸ் என்னும் சிறு குளவிதான் அடக்கியது. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வளரும். உங்கள் செடியில் பூச்சிகள் உப்பிக் காய்ந்து, ஓட்டையோடு கிடந்தால் வேப்பெண்ணெயைக்கூடக் கொஞ்ச நாள் ஒத்திப்போடுங்கள்.