கால்பந்து பூட்ஸில் உடனடிப் பசையை ஊற்றாதீர்கள்

களியக்காவிளையில் ஷூ, செருப்பு பழுதுபார்ப்பது என் தொழில். கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் தூத்தூர், அந்தப் பக்கம் பொழியூர், பூவார் என்று கடற்கரை முழுக்கக் கால்பந்து விளையாடும் பிள்ளைகள். ஜூன் மழை தொடங்கினால் சோல் விட்டு வாய் பிளந்த பூட்டுகள் (கால்பந்து ஷூக்கள்) கடைக்கு வரத் தொடங்கும். பிளந்தபடியே வந்தால் வருத்தமில்லை. வீட்டில் உடனடிப் பசையை (சூப்பர் குளூ) ஊற்றி, அது மறுபடி விட்ட பிறகு கொண்டுவருகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

நேற்று வந்த பூட்டில், விரல்கள் மடங்கும் இடத்தில் பசை கண்ணாடிச் சில்லு மாதிரி இறுகி வரிவரியாக வெடித்திருந்தது. உள்ளே வழிந்த ஒரு முனை சாக்ஸைக் கிழித்துப் பையனின் சுண்டுவிரலையும் அறுத்திருக்கிறது. “நல்லா பிடிக்கும்னுதானேண்ணே ஒட்டுனேன்” என்கிறார் அப்பா.

இந்த எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும். பிடிப்பது வேறு, வளைவது வேறு. ஓடும்போது ஒவ்வொரு எட்டுக்கும் சோல் வளைகிறது. உடைந்த பீங்கான் கோப்பை வளையப் போவதில்லை, அதற்கு அந்தப் பசை சரி. இறுகிய பின் வளையாத பசையை வளைகிற இடத்தில் எவ்வளவு விட்டாலும் வெடிக்கத்தான் செய்யும். இரண்டு டியூப் ஊற்றினால் இரண்டு மடங்கு பிடிக்கும் என்பதும் தப்பு. மெல்லிய படலமாக இருந்தால்தான் அது பிடிக்கும், இடைவெளியை நிரப்பாது. இன்னொன்று, பருத்தித் துணியில் கொட்டினால் அந்தப் பசை சட்டென்று சூடேறிப் புகையும், தோல் வெந்துபோகும். பூட்டைக் காலில் மாட்டியபடியே ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

வீட்டில்தான் ஒட்டுவேன் என்றால் செருப்புச் சாமான் கடையில் பி.யூ. (பாலியூரித்தேன்) பசை கேட்டு வாங்குங்கள், அது காய்ந்த பிறகும் வளையும். சேற்றைக் கழுவி நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். அடுப்போரம் வைத்தால் சோலில் மெத்தை மாதிரி இருக்கும் இ.வி.ஏ. ஃபோம் சுருங்கிவிடும். பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவுங்கள். தடவியதும் ஒட்டாதீர்கள்! கையில் ஒட்டாத பதம் வரட்டும். மழை நாளில் கூடுதல் நேரம் ஆகும். பிறகு ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, அழுத்தி, துணியால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. டப்பாவைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இவ்வளவு செய்தாலும் மெஷின் அழுத்தம் வீட்டில் வராது. அதனால்தான் நாங்கள் ஓரத்தில் நைலான் நூல் தையலும் போடுகிறோம்.

ஒட்டவே கூடாதவையும் உண்டு. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பழைய பி.யூ. சோல், நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே கெட்டு, அழுத்தினால் பொடியாக உதிரும். ஓட்ட ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஃபோம் அமுங்கிவிட்டது; எந்தப் பசையும் அதை நிமிர்த்தாது. அதைப் போட்டுப் பிள்ளையை மேட்சுக்கு அனுப்பாதீர்கள்.

வாய் பிளந்ததும் அப்படியே எடுத்து வாருங்கள். இறுகிய பசையைச் சுரண்டும்போது ஃபோமும் சேர்ந்து பிய்ந்து வருகிறது. ஒட்டித் தைத்தால் போதுமாக இருந்த பூட்டுக்கு, சோலையே மாற்ற வேண்டும் என்று சொல்ல எனக்கு மனசே வருவதில்லை.