பட்டன் போனா, டச் போனா? முதலில் விரலைக் காட்டுங்கள்

போன மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்திருந்தார். ஐயாவுக்கு 74 வயது. கை நடுக்கம். மடியில் சும்மா வைத்திருக்கும்போது தெரியாது. டம்ளரைத் தூக்கினால், பேனா பிடித்தால் தெரியும். மகள் பேச்சோடு பேச்சாக, "பெரிய ஸ்கிரீனாப் பார்த்து வாங்கிக் கொடுத்தோம் டாக்டர். கூப்பிட்டா கட் பண்ணிடுறாங்க" என்றார். ஐயா தலை நிமிராமல், "கட் பண்ணலம்மா. பச்சையைத் தொடப் போனா விரல் சிவப்புல விழுது" என்றார்.

மூன்று மாதமாக அப்பாவுக்கு நம்மோடு பேசப் பிடிக்கவில்லை என்றே அந்த வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

மதுரையில் கை, மணிக்கட்டு, விரல் சிக்கல்களுக்கு இயன்முறை சிகிச்சை செய்கிறேன். போன் விற்பவன் இல்லை. ஆனாலும் "எந்த போன் வாங்கலாம்" என்ற கேள்வி வாரத்துக்கு இரண்டு முறையாவது என் மேசைக்கு வந்துவிடுகிறது. கேட்பவர்கள் எல்லோரும் விலை, கேமரா, பேட்டரி என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் கையை நீட்டச் சொல்லுவேன்.

பட்டனுக்கும் டச் போனின் கண்ணாடித் திரைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்றுதான். பட்டனில் தொடுவது வேறு, அழுத்துவது வேறு. விரலை அதன்மேல் வைத்து, தடவி, சரியான இடம் என்று தெரிந்த பிறகு அழுத்தலாம். 5-ஆம் எண் பட்டனில் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கிறதே, அது இப்படித் தடவிக் கண்டுபிடிப்பதற்குத்தான். கண்ணாடியில் அந்த இடைவெளி கிடையாது. தொட்டாலே அழுத்தியதுதான். அதனால் விரலை எங்கும் ஊன்றாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டு குறி பார்க்க வேண்டும். நடுங்குகிற கைக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. ஐயாவிடம் என் மேசையில் இருக்கும் பழைய பட்டன் போனைக் கொடுத்தேன். கட்டைவிரலைப் பட்டன்மேல் ஊன்றியதும் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. மகளின் எண்ணைப் பிழையில்லாமல் அடித்தார்.

இன்றைய தொடுதிரை வேலை செய்யும் விதத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் வலைபோல் ஓடுகின்றன. மின்சாரம் கடத்தும் நம் விரல் அருகில் வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், மாறுகிறது. போன் அதைத்தான் 'தொடுதல்' என்று எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதற்கு அங்கே கணக்கில்லை. 2008-ல் வந்த நோக்கியா 5800 போன்றவற்றில் அழுத்தத்தை உணரும் திரை இருந்தது, நகத்தால் தொட்டாலும் கேட்கும். இப்போதையது அப்படி இல்லை. தோல் காய்ந்து, காய்ப்பு ஏறிய விரலை இந்தத் திரை சில சமயம் கண்டுகொள்வதே இல்லை. மேலே தடிமனான டெம்பர் கிளாஸ் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம்.

தண்ணீரும் மின்சாரம் கடத்தும் என்பதால் ஈரவிரல் அதைக் குழப்பிவிடும். கட்டைவிரல் வலிக்காக என்னிடம் வரும் பூக்கட்டும் அம்மா ஒருவருக்கு விடிகாலையில் இருந்தே கை ஈரம்தான். முகூர்த்த நாளில் மல்லிகை ஆர்டர் போனில்தான் வரும். முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்துத் திரையைத் தேய்ப்பதற்குள் அழைப்பு நின்றுவிடும். அவரைப் பேசுவதற்கு ஒரு பட்டன் போன் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பணம் வாங்க க்யூஆர் அட்டையும், எவ்வளவு வந்தது என்று சொல்லும் ஸ்பீக்கரும் கடையில் ஏற்கெனவே இருக்கின்றன. டச் போன் மகனிடம் போய்விட்டது. "பட்டன் போனில் பணம் அனுப்பவே முடியாதா" என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே சாதாரண போன்களுக்கானதுதான். இணையம் தேவையில்லை. வங்கியில் கேட்டு, வீட்டில் ஒருவர் கூட இருந்து பழக்கிக் கொடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களின் கதை வேறு. மரத்துப்போவது பெரும்பாலும் காலில் ஆரம்பித்து, நாளாக நாளாக விரல் நுனிக்கும் வரும். நரம்பு பாதிக்கப்பட்டால் வியர்வையும் குறையும், தோல் காயும். விரல் பட்டதா இல்லையா என்று அவர்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. அதனால் பலமாக, நெடுநேரம் அழுத்துவார்கள். போன் அதை 'நீண்ட அழுத்தம்' என்று புரிந்துகொண்டு ஐகானை இடம் மாற்றிவிடும். "வாட்ஸ்அப்பே காணாமப் போச்சு" என்று வருபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். என் அம்மாவுக்கும் நடந்தது. விரலைச் சோதித்துப் பார்க்காமல் புது போனைக் கையில் திணித்தேன். ஒவ்வொரு முறையும் "எதையோ அமுக்கிட்டீங்கம்மா" என்று அவரையே குறை சொன்னேன். இந்த வேலையில் இருக்கும் நானே அப்படிப் பேசியது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

இத்தனைக்கும் இதற்குத் தீர்வு போனுக்குள்ளேயே இருந்தது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குப் போனால், எவ்வளவு நேரம் அழுத்தினால் அது நீண்ட அழுத்தம் என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். சாம்சங் போன்களில் இன்னும் இரண்டு உண்டு: கொஞ்ச நேரமாவது விரல் தங்கினால்தான் தொட்டதாக ஏற்றுக்கொள்வது, அடுத்தடுத்து விழும் தொடுதல்களை விட்டுவிடுவது. ஐபோனிலும் இதே வசதி இருக்கிறது. கடையில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. பத்து நிமிட வேலை இது.

சரி, பட்டன் என்றால் கைக்கு நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எழுத்துப் பட்டன்களோடு வந்த பிளாக்பெரி போன்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் 'பிளாக்பெரி கட்டைவிரல்' என்றே ஒரு வலிக்குப் பெயர் வைத்திருந்தார்கள். குட்டிக் குட்டிப் பட்டன்களைக் கட்டைவிரலால் நாள் முழுக்க அழுத்தியதால் வந்த வலி. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் ஓடும் தசைநாண்கள் உரசித் தடித்துப்போகும் டி கெர்வைன் பாதிப்பும் இந்த இடத்தில்தான் வரும். இன்று அதே இடத்தைக் காட்டிக்கொண்டு வருபவர்கள் டச் போன்காரர்கள். அழுத்த வேண்டியதில்லை என்றாலும், ஒரு கையில் போனைத் தாங்கியபடி அதே கையின் கட்டைவிரலைத் திரையின் மறுகோடிவரை நீட்டுகிறார்களே! 2003-ல் வந்த நோக்கியா 1100-இன் எடை 86 கிராம். இப்போதுள்ள பல போன்கள் 200 கிராமைத் தொடுகின்றன. கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கு ஏற்கெனவே அந்த இடத்தில் சுமை அதிகம். இரவில் பால் கொடுத்தபடி ஒற்றைக் கையில் போனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்க்கும்போது சுளீரென்று வலித்தால், போனை மாற்றுவதை அப்புறம் பார்க்கலாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தவர்களுக்கும் கெட்டியான பட்டன் ஆகாது. பட்டன் போனில் தமிழில் தட்டச்சு செய்வதோ இன்னும் பெரிய தண்டனை. ஓர் எழுத்துக்கு ஒரே பட்டனை மூன்று நான்கு முறை அழுத்த வேண்டும்.

முழு விசைப்பலகையோடு வரும் ஸ்மார்ட்போன் வாங்கலாமா என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் விசைப்பலகைகளுக்கு எதிராகச் சொன்ன வாதம், தேவை இருக்கிறதோ இல்லையோ அந்த பிளாஸ்டிக் பட்டன்கள் அங்கேயே இருக்கும், மாற்ற முடியாது என்பது. தமிழுக்கு அது ரொம்பவே பொருந்தும். கண்ணாடியில் வேண்டும்போது தமிழ் எழுத்து வரும். இப்போது கிடைக்கும் யூனிஹெர்ட்ஸ் டைட்டன் வகையிலோ, 2024-ல் வந்த, போனோடு மாட்டிக்கொள்ளும் கிளிக்ஸ் விசைப்பலகையிலோ பொறித்திருப்பது ஆங்கில எழுத்து. அம்மா என்பதற்கு amma என்று ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்குச் சிரமம் இருக்காது. பழகாத பெரியவர்களுக்கு வாங்கித் தராதீர்கள். இன்னொன்று, ஆசைப்பட்டுப் பழைய பிளாக்பெரியை செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் ஓடிய போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்கூட ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

ஆனால் கண்ணாடியில் தமிழ் வரும் என்பதாலேயே அதில் அடிப்பது சுலபமாகிவிடாது. 6.5 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பின் மேல்வரிசையில் 12 எழுத்துகள். அவை அப்படியே ஒரே வரிசையில் வந்தால் ஒவ்வொன்றுக்கும் 6 மில்லிமீட்டர்கூட வராது. ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வழிகாட்டுதலோ, தொடும் இடம் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்கிறது. போனைக் குறுக்கே திருப்பினாலே எழுத்துகள் அகலமாகிவிடும். குரலால் எழுதுவதும் தமிழில் நன்றாகவே வருகிறது.

தலைமையாசிரியர் ஐயாவுக்குப் பட்டன் போன் மட்டும் போதவில்லை. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தமிழில் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. பள்ளியில் கணினியில் தமிழ் தட்டச்சு பழகியவர். அதனால் போனைக் கையில் பிடிக்காமல் மேசையில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, புளூடூத் விசைப்பலகை ஒன்றை இணைத்தோம். முன்கைகள் இரண்டும் மேசையில் ஊன்றியிருக்கின்றன. நான் சொன்ன அந்தத் தொடுதல் அமைப்புகளையும் மாற்றினோம். வெளியே போகும்போது சட்டைப் பையில் பட்டன் போன். போன வாரம் வந்தபோது குழுவில் எழுதியதைக் காட்டினார், ஒற்றுப்பிழைகூட இல்லை.

கடைக்குப் போகும்போது போனைப் பயன்படுத்தப்போகிறவரையும் கூட்டிப் போங்கள். பெட்டியில் இருப்பதை வாங்கிக்கொண்டு வராமல், திறந்த போனை அவர் கையில் கொடுத்து, உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் கூப்பிடும்போது எடுக்கச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை. உங்கள் பெயரைத் தமிழில் அடிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் குறுக்கே புகுந்து செய்துகொடுக்காமல் பொறுமையாகப் பாருங்கள்.

பட்டன் போனோடே இருக்கப்போகிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்லிவையுங்கள். 2017 முதல் இந்தியாவில் விற்கும் சாதாரண போன்களில் 5 அல்லது 9-ஆம் எண் பட்டனை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர உதவிக்கு அழைப்பு போக வேண்டும் என்பது விதி. அந்த போனில் 5-ஆ, 9-ஆ என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சோதிக்க அழுத்திப் பார்க்க வேண்டாம், 112-க்கு நிஜமாகவே அழைப்பு போய்விடும். அது 5 என்றால் வேலை சுலபம். அந்தப் புள்ளியை மட்டும் விரலால் தடவிக் காட்டினால் போதும்.