கலங்கலான பீரைக் காப்பாத்தின பால்காரர்

பெல்ஜியத்துல ஹூகார்டன்னு ஒரு சின்ன ஊர், கோதுமை பீருக்குன்னே பேர் வாங்கின ஊர், ஒரு காலத்துல பீர் காய்ச்சுற ப்ரூவரிங்க 30க்கும் மேல அங்க ஓடிட்டு இருந்துச்சு. அப்புறம் தெளிவா பொன் நிறத்துல இருக்கிற பில்ஸ்னர் வகை பீர் வந்து எல்லா இடத்தையும் பிடிச்சுக்கிச்சு, வெளிறிப்போய் கலங்கலா இருக்கிற பீரைக் கேட்க ஆளில்லாம ஒவ்வொண்ணா மூடி, 1950கள்ல கடைசியா மிச்சமிருந்த டோம்சின் ப்ரூவரியும் போயிடுச்சு. அதுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பியேர் செலிஸ். பால் ஊத்துறது தொழில், இளவயசுல அந்த ப்ரூவரில கூடமாட வேலை பார்த்தவர். அங்க பார்த்ததை வச்சு 1960கள் நடுவுல வீட்லயே காய்ச்ச ஆரம்பிச்சாரு.

இந்த பீர் ஏன் கலங்கலா இருக்குன்னு புரிஞ்சா அவர் செஞ்சதோட அருமை தெரியும். பார்லியை ஊற வச்சு முளைகட்டி காய வச்சா அதுதான் மால்ட், நாம ராகியை முளைகட்டுறோமே அதே வேலை. முளைவிடும்போது அமைலேஸ்னு என்சைம் உருவாகும், 65 டிகிரி பக்கம் வெந்நீர்ல கலந்து வச்சா அது மாவுச்சத்தை சர்க்கரையா உடைச்சிடும், அந்த சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலா மாத்தும். ஹூகார்டன் முறையில கிட்டத்தட்ட பாதி முளைகட்டாத கோதுமை. அதோட மாவுச்சத்தை உடைக்கிற வேலையும் பார்லி மால்ட் தலைலதான் விழும், போதாக்குறைக்கு கோதுமைல உமி கிடையாது, பார்லி உமி அடியில படிஞ்சாதான் சாறு ஒழுங்கா வடியும், கோதுமையை கூட்டிட்டா எல்லாம் பசையாகி அடைச்சுக்கும்.

கலங்கலுக்கு முக்கிய காரணம் புரதம். முளைகட்டும்போது தானியத்துல இருக்கிற புரதம் ஓரளவு உடைஞ்சிடும், முளைகட்டாத கோதுமைல அது அப்படியே நிக்கும். பார்லி உமில இருந்தும் பீருக்குக் கசப்பு தர்ற ஹாப்ஸ் பூவுல இருந்தும் வர்ற பாலிஃபீனால்ங்கிற துவர்ப்புப் பொருளோட ஒட்டிக்கிட்டு சீக்கிரம் அடியில தங்காத பொடித் துகளா மிதக்கும், வெளிச்சம் அதுல பட்டுச் சிதறுறதாலதான் வெள்ளையா தெரியுது. நல்லா குளிர வச்சா இன்னும் கூடும், வடிகட்டாததால ஈஸ்ட்டும் சேர்ந்துக்கும். நுரை நிக்கிறதுக்கும் புரதம் வேணும், அதனால இதை அழுக்குன்னு நினைச்சு வடிகட்டிட்டா அந்த வழவழப்பே போயிடும், அப்புறம் இந்த பீரைக் குடிக்கிறதுல அர்த்தமே இல்ல.

ஹாப்ஸ் கம்மியா போடுறதால கசப்பும் கம்மி. கொதிக்கும்போது மல்லி விதையும் குராசாவ்ங்கிற கசப்பு ஆரஞ்சோட காய்ஞ்ச தோலும் சேர்ப்பாங்க. மல்லி விதைல இருக்கிற லினலூல்ங்கிற வாசனைப் பொருள் ஹாப்ஸ்லயும் இருக்கு, அதான் மசாலா வாடை தனியா துருத்திக்கிட்டு நிக்காம இழைஞ்சு போகுது.

செலிஸோட பீர் வியாபாரம் நல்லா வளர்ந்துட்டு இருந்தப்ப 1985ல அவரோட ப்ரூவரி தீப்பிடிச்சுது, இன்சூரன்ஸ் பணம் போதல, ஸ்டெல்லா ஆர்ட்வாங்கிற பெரிய பீர் கம்பெனி பணம் போட்டுச்சு, கொஞ்ச வருஷத்துல ப்ரூவரி அவர் கையை விட்டே போயிடுச்சு. அந்த வயசுலயும் மனுஷன் ஓயல, அமெரிக்கா போய் 1992ல டெக்சாஸ்ல ஆஸ்டின் நகரத்துல மகளோட சேர்ந்து செலிஸ் ப்ரூவரி ஆரம்பிச்சாரு. அதையும் மில்லர்ங்கிற அமெரிக்க பீர் கம்பெனி வாங்கி பின்னாடி மூடிடுச்சு. ஆனா அதுக்குள்ள இந்த வகை பீர் அமெரிக்காவுல வேர் பிடிச்சிருச்சு, மெய்ன் மாநிலத்துல 1995ல தொடங்கின அலகாஷ் ப்ரூவரி முதன்முதலா வித்ததே இதே மாதிரி கலங்கலான கோதுமை பீர்தான். செலிஸ் 2011ல தன்னோட 86ஆவது வயசுல காலமானார்.